சோறு தின்னாத புழுக்கள்

புழு என்றாலே எனக்கு ஆகாது. கத்தரிக்காய் நறுக்கும்போது ஒன்று நெளிந்தால் காயையே தூக்கி எறிந்துவிட்டு எழுந்து போகிற ஆள் நான். அப்படிப்பட்டவளிடம் ஒரு தொட்டி நிறையப் புழுவை ஒப்படைத்துவிட்டு என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்தார். இருந்தவரைக்கும் படுத்தியது போதாது என்று நினைத்தாரோ என்னவோ.

வேலைக்காலம் முழுவதும் ஆவடியில் தொழிற்சாலைக் குடியிருப்பில்தான் இருந்தோம். ஓய்வு பெற்றபின் கொரட்டூரில் இந்த அடுக்குமாடி வீட்டை வாங்கினோம். வந்த வேகத்தில் மொட்டைமாடியைப் பிடித்துக்கொண்டார். ஒரு நீல டிரம்மைப் பாதியாக அறுத்து, அடியில் ஓட்டை போட்டு, தண்ணீர்த் தொட்டியின் நிழலில் வைத்தார். தென்னை நாரும் பழைய சாணமும் பரப்பி, பூந்தமல்லிப் பக்கம் ஒரு உரக்காரரிடம் வாங்கி வந்த மண்புழுக்களை அதில் விட்டு, மேலே ஈரச் சாக்கைப் போட்டு மூடினார். காய்கறித் தோலும் வாடிய கீரையும்தான் அவற்றுக்குச் சாப்பாடு. தின்று அவை கழிப்பது தேயிலைத் தூள் மாதிரி கறுப்பாக, உதிரியாக இருக்கும். அதைப் பிடிப்பிடியாக அள்ளி மிளகாய்ச் செடிகளுக்குப் போடுவார். இலை சுருண்டு கிடந்த செடிகள் எல்லாம் நிமிர்ந்து பூத்தன. தயிர் சாதத்துக்குப் பச்சை மிளகாயைக் கடித்து, மூக்கு ஒழுக, “கடை மிளகாயில இந்த மணம் வருமா, சொல்லு” என்பார். நான் வாயே திறக்க மாட்டேன். ஒத்துக்கொண்டால் இன்னொரு டிரம் வந்துவிடும்.

போன வருஷத்துக்கு முந்தின ஐப்பசி மழையில் மாரடைப்பு வந்தது. ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் பேசிக்கொண்டுதான் வந்தார். காரியமெல்லாம் முடிந்து சொந்தக்காரர்கள் கிளம்பிப் போன அன்றைக்குத் துணி காயப்போட மேலே போனேன். டிரம்மின் சாக்கு காய்ந்து விறைத்துக் கிடந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டே ஒரு குவளைத் தண்ணீரைத் தெளித்துவிட்டு ஓடிவந்தேன். மறுநாளும் தெளித்தேன். அப்படியே வழக்கமாகிவிட்டது.

மகன் ஹைதராபாத்தில் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அதே பேச்சுதான்.

“வீட்டை வாடகைக்கு விட்டுட்டு இங்க வந்துடும்மா. தனியா அங்க என்ன பண்றே?”

“புழுவுக்கு யாருடா தண்ணி தெளிக்கிறது?”

சிரித்தான். “சரி, புழு இருக்கிற வரைக்கும் இரு. அதுங்க போயிடுச்சுன்னா மறுபேச்சு பேசக் கூடாது.”

“பேச மாட்டேன்” என்று சொல்லிவைத்தேன். விளையாட்டாகத்தான் சொன்னேன். ஆனால் அவன் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். ஒவ்வொரு வாரமும் முதலில் புழுவைத்தான் விசாரிப்பான். மருமகளும் நல்லவள்தான், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அங்கே போனால் நான் அவனுடைய அம்மா மட்டும்தான். இந்த வீட்டில் இருக்கும்வரை இன்னும் இவருடைய பெண்டாட்டி. அதை விட்டுவிட்டுப் போக எனக்கு மனசில்லை.

இருந்தாலும் இங்கே பேச்சுத்துணைக்கு ஒரு ஈ காக்காய் கிடையாது. எல்லாரும் ஐடி பிள்ளைகள், கதவு சாத்தியேதான் இருக்கும். லிஃப்டில் பார்த்தால் சிரிப்பார்கள், பிறகு போனைப் பார்ப்பார்கள். சில நாள் காலையிலிருந்து இருட்டும்வரை நான் பேசியது புழுக்களிடம் மட்டும்தான். அதுவும் திட்டுதான். “தின்னுட்டுத் தின்னுட்டுத் தூங்குங்க, உங்களுக்கென்ன” என்பேன். கீழே கொரட்டூர் ஸ்டேஷனில் ரயில் நின்று போகிற சத்தம் கேட்கும். அத்தனை பேர் இறங்குகிறார்களே, ஒருத்தராவது நம் வீட்டுக்கு வருகிறவராக இருக்கக் கூடாதா என்று தோன்றும்.

சமையல்தான் எனக்குப் பிடிபடவில்லை. அரிசி அளக்கும்போது கை தானாக இரண்டு பேருக்கு அளந்துவிடும். குழம்பும் அப்படியே. ஆவடியில் இருந்தபோது மிஞ்சுவது ஒரு கவலையே இல்லை. பின்வாசலில் கழுநீர் வாளி ஒன்று இருக்கும். மிஞ்சின சோறு, வடித்த கஞ்சி, குழம்பு மண்டி எல்லாம் அதில் போகும். மாடு வைத்திருக்கிற அம்மா சாயங்காலம் வந்து எடுத்துக்கொண்டு போவாள். இங்கே மாட்டுக்கு எங்கே போவது? காக்காய்க்கு வைக்கிற ஒரு பிடி போக மீதி அப்படியே நிற்கும். சோற்றைக் குப்பையில் கொட்ட எனக்குக் கை வராது. ஒருநாள் மேலே எடுத்துப்போய், சாக்கைத் தூக்கி, டிரம்முக்குள் ஒரு கரண்டி போட்டேன். மறுநாளும் போட்டேன். வெறும் சோற்றை எப்படிப் போடுவது என்று கொஞ்சம் குழம்பும் ஊற்றினேன். விருந்து வைக்கிற நினைப்பு எனக்கு.

சித்திரை வெயில் ஏறின நேரம். ஒருநாள் சாக்கைத் தூக்கினால் புளிப்பு வாடை குப்பென்று அடித்தது. உள்ளே கை வைக்க முடியாத சூடு, எறும்பு வேறு. புழுக்கள் டிரம்மின் ஓரத்தில் கொத்துக் கொத்தாக ஏறி நின்றன. வெளியே விழுந்தவை தளத்தில் நூல் மாதிரி காய்ந்து கிடந்தன. கீழே ஓடி, அவருடைய போனை எடுத்து, உரக்காரர் நம்பரைத் தேடிப் போட்டேன்.

“இன்னா சார், ரொம்ப நாளா ஆளையே காணோம்!” என்றார் அவர், எடுத்த எடுப்பில்.

“சார் இல்லீங்க, அவர் சம்சாரம் பேசறேன். புழுவெல்லாம் வெளிய வந்து சாகுது.”

“இன்னாம்மா போட்டீங்க? சோறு கீறு போட்டீங்களா?”

“கொஞ்சம், மிஞ்சினது.”

“கொயம்பும் ஊத்துனீங்களா?”

“ஆமாம்.”

“அய்யய்யே! அது இன்னா மாடாம்மா? உப்பு பட்டாலே அதுக்கு ஆகாது. சோறு புளிச்சா தொட்டியே சூடாயிடும். சாருக்கு இதெல்லாம் நல்லா தெரியுமே. போனை அவராண்ட குடுங்க, நான் சொல்றேன்.”

“அவர் வெளிய போயிருக்காருங்க” என்றேன்.

“சரி, வந்தா சொல்லுங்க. அல்லாத்தையும் கொட்டிட்டு, உசுரோட கீறத மட்டும் பொறுக்கி, புது நாரும் பழைய சாணியும் போட்டு அதுல வுடணும். தோலு, கீரை தவுர வேற எதுவும் போடக் கூடாது.”

“வந்ததும் சொல்றேன்” என்றேன்.

டிரம்மைக் கவிழ்த்துக் கொட்டி, தண்ணீர்த் தொட்டி நிழலில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். குச்சியால் பொறுக்கப் பார்த்தேன், அறுந்துவிடும் போலிருந்தது. கையாலேயே எடுத்தேன். ஜில்லென்று, உள்ளங்கையில் லேசாக அசைந்தது. அருவருப்பாக இல்லை, பாவமாக இருந்தது. இதுகளும் போய்விட்டால் ஞாயிற்றுக்கிழமை மகனுக்கு என்ன பதில் சொல்வேன்? பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். அதைவிட வேறொன்று நெஞ்சை அறுத்தது. தினமும் நான் அவருக்கென்றுதான் சமைத்திருக்கிறேன். அந்தச் சோறுதான் அவர் வளர்த்ததைச் சாகடித்திருக்கிறது. பொறுக்கப் பொறுக்க, அவரை வாயில் வந்தபடி திட்டிக்கொண்டே அழுதேன்.

பாதிக்கு மேல் போய்விட்டன. பிழைத்தவற்றைப் புது நாரில் விட்டேன். அவை உள்ளே இறங்கிப் போக நாலைந்து நாள் ஆயிற்று. அந்த ஞாயிற்றுக்கிழமை மகன் விசாரித்தபோது, “நல்லாத்தான் இருக்குதுங்க” என்றேன். அதற்கப்புறம் தோல் தவிர எதையும் போடவில்லை. ஆனால் மிஞ்சுகிற சோறு மிஞ்சிக்கொண்டேதான் இருந்தது. குறைத்து அளந்தால், பெரிய குக்கரின் அடியில் அந்தக் கொஞ்சூண்டு அரிசி ஒட்டிக்கொண்டு காந்தும். சரியாக வைத்தால் மிஞ்சும். மிஞ்சினால் கை டிரம்மைத் தேடும். என் கையை நான் நம்பத் தயாராக இல்லை.

கொரட்டூரில் பாத்திரக்கடை இல்லாமலில்லை. தெரிந்த கடையில் போய்ச் சின்ன குக்கர் கேட்கக் கூச்சமாக இருந்தது. பஸ் மாறிப் பூந்தமல்லிக்குப் போனேன். மெட்ரோவுக்குத் தோண்டிப் போட்ட தூசியில் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, முன்பின் தெரியாத ஒரு கடையில் ஏறினேன். கடைக்காரர் மேல் தட்டைப் பார்த்தபடி, “ஊட்ல எத்தினி பேரும்மா?” என்று கேட்டார்.

ரெண்டு பேர் என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது.

“நான் ஒருத்திதாங்க” என்றேன்.

அவர் ஸ்டூலைப் போட்டு ஏறி, இருப்பதிலேயே சின்னதை எடுத்து, தூசி தட்டி என் கையில் கொடுத்தார்.