சம்பளம் இல்லாத வேலை

நான் பி.ஏ. முடித்த வருடம், மதுரையில் அச்சான ஒரு நாளிதழ் நிருபர் பயிற்சிக்கு ஆள் எடுத்தது. தேர்வு எழுதியவர்களில் இரண்டு பேரைத்தான் நேரில் கூப்பிட்டார்கள். ஒருவன் நகரத்து டாக்டர் ஒருவரின் மகன். இன்னொருவன் நான். என் அப்பா திருவாதவூரில் குத்தகைக்கு நிலம் வாங்கி விவசாயம் செய்துகொண்டிருந்தார்.

செய்தி ஆசிரியர் என் விடைத்தாளைப் புரட்டிவிட்டு, “உங்க தமிழ் நல்லா இருக்கு. எடுத்துக்கிறோம்” என்றார். அதற்குப் பிறகு அவர் சொன்னதெல்லாம் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தபிறகுதான் எனக்கு உறைத்தது. பயிற்சி மெட்ராஸில், ஆறு மாதம். சம்பளம் கிடையாது. தங்குவதும் சாப்பிடுவதும் நம் பொறுப்பு.

அப்பா மாட்டுக்கு வைக்கோல் உதறிக்கொண்டிருந்தார்.

“வேலை குடுத்துட்டாகளா?”

“குடுத்துட்டாங்க.”

“சம்பளம் எம்புட்டு?”

“ஆறு மாசத்துக்குக் கிடையாதுப்பா. அப்புறம் பாத்துச் செய்வாங்களாம்.”

அப்பா கையிலிருந்த வைக்கோலைக் கீழே போட்டார். “அப்ப நீ அவுகளுக்கு வேலை பாக்குற, நாம இங்கேருந்து அரிசி அனுப்புறோம். அப்படித்தான?”

“அது வேலை இல்லப்பா, பயிற்சி.”

“இப்பத்தான வேலை குடுத்துட்டாங்கன்னு சொன்ன?”

அதற்குள் அம்மா தெருவுக்கே சொல்லிவிட்டாள். மறுநாள் டீக்கடையில் எனக்கு பெஞ்சில் இடம் விட்டார்கள். தெருவிளக்கு எரியாததைப் பேப்பரில் போடச் சொன்னார் ஒருவர். தலையாட்டிவிட்டு வந்தேன்.

நான் சரியாகக் கேட்டுக்கொள்ளவில்லை என்று அப்பாவுக்குச் சந்தேகம். வெளுத்த வேட்டியைக் கட்டிக்கொண்டு என்னோடு பத்திரிகை அலுவலகத்துக்கு வந்தார். செய்தி ஆசிரியர் எழுந்து நின்று அவரை உட்காரச் சொன்னார். டீ வரவழைத்தார். அந்த மரியாதையில் அப்பா கொண்டுவந்த கேள்வி பாதி கரைந்துபோனது.

“மெட்ராஸ்ல இவன் எங்கனய்யா தங்குவான்?” என்று மட்டும் கேட்டார்.

“சொந்தக்காரங்க வீட்ல இருந்துக்கலாம். நானும் எங்க மாமா வீட்லதான் இருந்தேன்.”

“எங்க சொந்தமெல்லாம் இங்கனயேதான் இருக்கு.”

“மெட்ராஸ்ல ஒருத்தர்கூட இல்லையா?” அவர் கேலியாகக் கேட்கவில்லை. அப்படி ஒரு குடும்பம் இருக்கும் என்று உண்மையிலேயே அவருக்குத் தோன்றியிருக்கவில்லை. பிறகு, ஊரிலேயே இருந்து செய்தி கொடுக்கலாமே என்றார். “வீட்ல போன் இருக்கா?”

அப்பா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். எங்கள் வீட்டில் அப்போது மின்சாரமே இல்லை.

“யோசிச்சுச் சொல்லுங்க. உங்களை வேண்டாம்னு சொல்லல” என்று வாசல்வரை வந்து வழியனுப்பினார். அது உண்மைதான். யாருமே என்னை வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனாலும் டாக்டர் மகன் மெட்ராஸுக்குப் போனான். நான் அடுத்த வருடம் மின்வாரியத்தில் எழுத்தர் வேலைக்குச் சேர்ந்தேன். பத்திரிகை வேலை கிடைக்கவில்லையா என்று கேட்பவர்களிடம் ஒரு நாள் கிடைத்தது என்பேன், ஒரு நாள் கிடைக்கவில்லை என்பேன். இரண்டுமே பொய்யாகத் தோன்றும்.

பிறகு ஒரு வருடம் மழை பொய்த்து, எங்கள் கண்மாய் வெடித்துக் கிடந்தது. அதைப் பற்றி எழுத ஒரு நிருபர் ஜீப்பில் வந்தார். டாக்டரின் மகன். விடுமுறைக்கு ஊர் வந்திருந்த என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. நானும் சொல்லிக்கொள்ளவில்லை. வரப்பில் அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வெகுநேரம் பேசிவிட்டுப் போனார்.

மறுநாள் பேப்பரை வாங்கி அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். தப்பு இருக்கும் என்று ஒவ்வொரு வரியிலும் தேடினேன். ஒன்றும் இல்லை. அப்பா சொன்னதைச் சொன்னபடியே, அழகாக எழுதியிருந்தார்.

“நல்லா எழுதியிருக்காருல்ல?” என்றார் அப்பா.

“ஆமாப்பா.”

“நீ எழுதியிருந்தாலும் இப்படித்தான் எழுதியிருப்பியா?”

தெரியவில்லை என்றேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, மாடுகளை அவிழ்க்கப் போனார்.