அதிருப்தி பூஜ்யம்

சனிக்கிழமை மத்தியானங்களில் அக்கா வீட்டுக்காரரோடு, அதாவது மச்சானோடு, கம்ப்யூட்டர் கேம் விளையாடுவது என் வழக்கம். ஜோகூர் பாருவில் தொழிற்சாலை வேலை; வாரக் கடைசியில் எங்கள் ஊரான லாயாங் லாயாங்குக்கு, அக்கா வீட்டுக்கு வந்துவிடுவேன். அக்கா மீ கோரெங் நூடுல்ஸ் தட்டை லேப்டாப் பக்கத்தில் வைத்துவிட்டு, "ரெண்டு பேரும் நாட்டை ஆண்டு முடிச்சிட்டுச் சாப்பிடுங்க லா," என்பாள்.

அந்தக் கேமில் நீராவி ரயில் காலத்திலிருந்து உலகப் போர் வரை ஒரு நாட்டை நடத்த வேண்டும். வரி போடலாம், சண்டை போடலாம், ஆட்சிமுறையை மாற்றலாம். மச்சான் எப்போதும் போய் நிற்பது முற்றதிகாரத்தில். அது வெறும் சர்வாதிகாரம் இல்லை. சர்வாதிகாரிக்கு நீங்கள் அடங்கிக் கிடந்தால் போதும். முற்றதிகாரிக்கோ உங்கள் பள்ளிக்கூடம், சங்கம், கல்யாணம், காப்பிக்கடைப் பேச்சு எல்லாமே வேண்டும். அதைத் தேர்ந்தெடுத்ததும் திரையில் மக்களின் அதிருப்தி மடமடவென்று இறங்கிப் பூஜ்யத்தில் நிற்கும். மச்சானுக்கு அதைப் பார்ப்பதில் அப்படி ஒரு சந்தோஷம்.

அந்தப் பூஜ்யம் பொய். கேமின் விளக்கத்திலேயே போட்டிருக்கிறது: அது அதிகாரிகள் பயந்துகொண்டு சொல்லும் கணக்கு, உள்ளே புகைவது ஆள்பவனுக்குத் தெரியாது. ஒரு தடவை மச்சானின் நாடு பூஜ்யம் காட்டிக்கொண்டே கலகத்தில் உடைந்து போயிற்று.

"கேம்ல ஏதோ கோளாறு, பக் இருக்கு தம்பி," என்றார்.

"பக் இல்ல மச்சான். உங்ககிட்ட யாரும் உண்மையச் சொல்லல," என்றேன். சிரித்தார். நானும் சிரித்தேன்.

பிறகு அவர் எங்கள் ஊர் அம்மன் கோயிலுக்குத் தலைவரானார். நல்லவர், உழைப்பாளி. பல வருஷமாக ஒழுகிய கூரையை வந்த கையோடு சரி செய்தார். அப்புறம் எல்லாருக்கும் ஒரே மஞ்சள் டி-சட்டை வந்தது. வாட்ஸ்அப் குழுவில் தலைவர் மட்டும்தான் எழுதலாம் என்றானது. காப்பிக்கடையில் கோயிலைப் பற்றி யார் என்ன பேசினாலும் சாயங்காலத்துக்குள் அவர் காதுக்குப் போய்விடும்.

எங்கள் தேருக்கு ஒரு முறை உண்டு. எஸ்டேட் காலத்தில் மாட்டுவண்டி ஓட்டிய குடும்பத்தார்தான் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடுவார்கள். அவர்கள் "நில்லு" என்றால் தேர் நின்றாக வேண்டும். தலைவரே மறுபேச்சுப் பேசக்கூடாது. கோயிலிலிருந்து ரயில் பாதைப் பக்கம் இறங்கும் ரோடு அவ்வளவு சரிவு. இந்த வருஷக் கூட்டத்தில் அந்தக் குடும்பத்துப் பெரியவர் எழுந்து, "அச்சுல விரிசல் இருக்குங்க. மாத்தாம இறக்க வேணாம்," என்றார்.

மச்சான் குரலை உயர்த்தவே இல்லை. "ஆளாளுக்கு ஒண்ணு சொன்னா கோயில் நடக்காதுங்க. இனிமே கட்டைய நம்ம பிள்ளைங்க போடுவாங்க. மைக்ல நான் சொன்னா நிறுத்தினாப் போதும். யாருக்காச்சும் ஆட்சேபம் இருக்கா?"

ஒரு கையும் உயரவில்லை. பெரியவர் உட்கார்ந்துவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் மச்சானைப் பிடித்துக்கொண்டேன். "தேருக்கு முன்னாடி தட்டு ஏந்திப் போறது அக்கா. அச்சு விட்டுச்சுன்னா என்ன ஆவும்?"

"எல்லாரும் ஓகேன்னுட்டாங்களே தம்பி. ஒரு ஆட்சேபம் உண்டா?" லேப்டாப் முன்னால் பார்த்த அதே சந்தோஷம் அவர் முகத்தில். எனக்கு ஆத்திரமாக வந்தது. அக்காவைப் பார்த்தேன்.

"அவர் பாத்துக்குவாருடா," என்றாள், என்னை நிமிர்ந்து பார்க்காமல்.

திருவிழா அன்று மஞ்சள் சட்டைக்காரர்கள் தேருக்குப் பின்னால் கயிற்றை இழுத்துப் பிடித்து இறக்கினார்கள். அக்கா கற்பூரத் தட்டோடு முன்னே நடந்தாள். பெரியவர் வெறுங்கையோடு ரோட்டோரம் நின்றார். சரிவில் பாதி வந்தபோது தேருக்கு அடியில் விறகு முறிவதுபோல ஒரு சத்தம்.

"நில்லு!" என்று பெரியவர் கத்தினார். நானும் கத்தினேன். கட்டை வைத்திருந்த பிள்ளைகள் மச்சானைத்தான் பார்த்தார்கள். அவர் வந்தவர்களுக்கெல்லாம் மைக்கில் நன்றி சொல்லிக்கொண்டிருந்தார். கயிறு கைகளை விட்டுப் போனது. தேர் வேகம் பிடித்தது.

அலறிக்கொண்டு ஓடினேன். அதற்குள் ஒரு சக்கரம் சாய்ந்து, தேர் சாக்கடைச் சுவரில் முட்டி நின்றுவிட்டது. அக்கா அசையாமல் நின்றாள். தட்டு கீழே கிடந்தது. அவள் முந்தானை சக்கரத்துக்கு அடியில் இருந்தது.

மச்சான் முகம் வெளுத்துப் போயிருந்தது. ஆனாலும் மைக்கைத் தூக்கினார். "ஆத்தா காப்பாத்திட்டா. ஒண்ணும் ஆவல, எல்லாம் சரியா இருக்கு. கை தட்டுங்க!"

மஞ்சள் சட்டைக்காரர்கள் தட்டினார்கள். பிறகு கூட்டம் முழுக்கத் தட்டியது. நான் மண்டிபோட்டு முந்தானையை இழுத்துக்கொண்டிருந்தேன், அது வரவில்லை. தலைக்கு மேலேயே ஒரு சத்தம் கேட்க, நிமிர்ந்தேன். மச்சானையே பார்த்தபடி அக்காவும் கை தட்டிக்கொண்டிருந்தாள்.