நைனாவின் பீரோவில் ஒரு மார்க் ஷீட்

செக்யூரிட்டி பின்னாலிருந்து கூப்பிட்டது காதில் விழுந்தது. திரும்பாமல் நடந்தேன். அவர் கேட்டது என் காலில் இருந்த ஷூவை. கம்பெனி ஷூ, மூக்கில் இரும்புத் தகடு வைத்தது. என் செருப்பு உள்ளே இருந்தது. அதை எடுக்கப் போனால் சூப்பர்வைசர் பிடித்துக்கொள்வார். செருப்பு அவர்களுக்கு, ஷூ எனக்கு என்று முடிவு செய்துகொண்டு கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையின் கடைசித் திருப்பத்தைத் தாண்டினேன்.

அதற்கு முன்பும் ஏழெட்டு வேலைகளை இப்படி விட்டு நடந்திருக்கிறேன். கூடூரில் ஓட்டல், மீஞ்சூரில் சாம்பல் லாரி, ஆரம்பாக்கத்தில் செங்கல் சூளை. எதற்கும் காரணம் கிடையாது. கால் கேட்கும், போய்விடுவேன். இந்த முறைதான் காரணம் இருந்தது. மறுநாள் காலை பத்து மணிக்கு என் அறை நண்பனுக்குக் கவுன்சிலிங். கம்ப்யூட்டர் சயின்ஸில் எம்.எஸ்சி.

நானும் அவனும் பொன்னேரியில் ஒரே அறையில் இருந்தோம். என்னைவிட எட்டு வயது சின்னவன். பழவேற்காட்டு ஏரியில் மீன் பிடிக்கும் வீட்டிலிருந்து பி.எஸ்சி. முடித்துவிட்டு மொபைல் கடையில் வேலை பார்த்தான். மேலே படிக்க என்னென்ன வேண்டும் என்று கல்லூரி அனுப்பிய பட்டியலைத் தினமும் எனக்குப் படித்துக் காட்டுவான். இளங்கலையில் கம்ப்யூட்டர் சயின்ஸ் அல்லது பி.சி.ஏ., ஐம்பது சதவீதம், பிளஸ் டூவில் கணக்குப் பாடம், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், எல்லாவற்றுக்கும் மூன்று செட் ஜெராக்ஸ். கடைசி வரியை மட்டும் இரண்டு தடவை படிப்பான். அசல் இல்லாமல் வருகிறவர்கள் திருப்பி அனுப்பப்படுவார்கள்.

எல்லா அசலும் இருந்தது, பிளஸ் டூ மார்க் ஷீட்டைத் தவிர. அது என் வேலைக்காக லேபர் காண்ட்ராக்டரின் பீரோவில் இருந்தது.

அது நடந்த விதம் எளிமையானது. நான் ஒன்பதாவதைப் பாதியில் விட்டவன். பிளஸ் டூ இல்லாதவனைக் கம்பெனி எடுக்காது. டிகிரி படித்தவனையும் எடுக்காது, அவன் கேள்வி கேட்பான், ஓடிப்போவான். எனக்குப் படிப்பு குறைவு, அவனுக்கு அதிகம். அவனுடைய காகிதங்களில் ஒன்று மட்டும் எனக்கு அளவெடுத்துத் தைத்தது மாதிரி இருந்தது. அதையும் அவனுடைய ஆதார் ஜெராக்ஸையும் கொடுத்தான். ஆதார் ஜெராக்ஸில் எல்லோருக்கும் ஒரே கறுப்பு முகம். அசலைப் பார்த்துவிட்டுத் திருப்பித் தருவார்கள் என்று நினைத்தோம். அங்கே வழக்கம் வேறு. ஆள் ஓடாமல் இருக்க, அசலை வாங்கிப் பூட்டிவிடுவார்கள். ஒன்பது மாதம் நான் அவன் பெயரில் அட்டைப்பெட்டி அடுக்கினேன். நகல் வாங்கப் போனால் போலீஸ், தாசில்தார் என்று அலைச்சல். கவுன்சிலிங் அதற்குக் காத்திருக்காது.

காண்ட்ராக்டர் ஆபீஸ் ஒரு பேக்கரிக்கு மேலே இருந்தது. அவர் ஆந்திர எல்லைப் பக்கத்துக்காரர், எல்லோருக்கும் நைனா. பதினொரு மணிக்கு நாஷ்டா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எதிரே, பீரோ சாவியை இடுப்பில் செருகிய ஆபீஸ் அக்கா.

மார்க் ஷீட் வேண்டும் என்றேன்.

"ஓடப் போறியா?" என்றார் நைனா.

"படிக்கப் போறேன் நைனா. எம்.எஸ்சி. கம்ப்யூட்டரு."

அவர் பூரியைக் கீழே வைத்தார். "பிளஸ் டூ முடிச்சவன் எப்டிடா நேரா எம்.எஸ்சி. போவே? நடுவுல மூணு வருசம் இன்னா ஆச்சு?"

இதை நாங்கள் யோசிக்கவில்லை. பட்டியலை அத்தனை முறை படித்தும் யோசிக்கவில்லை. வேறு வழியில்லாமல், இல்லாத டிகிரி ஒன்றை மறைத்த குற்றத்தை ஒப்புக்கொண்டேன்.

"டிகிரிய வெச்சிகினு ஒம்போது மாசமா பொட்டி அடுக்கினு இருந்தியா," என்றார். கோபத்தைவிட அவருக்கு மனவருத்தம்தான் அதிகம். பிறகு பழையதெல்லாம் அவருக்கு ஒவ்வொன்றாக விளங்க ஆரம்பித்தது. குடிதண்ணீர் ஏன் உப்புக் கரிக்கிறது என்று நான் கேட்டது, கேன்டீன் சாம்பாரைப் பற்றிக் கேட்டது, ஃபேன் எப்போது ஓடும் என்று கேட்டது. "அப்பவே நெனச்சேன். படிக்காதவன் இவ்ளோ கேக்க மாட்டான்னு." வாழ்க்கையில் முதல்முறையாக யாரோ என்னைப் படித்தவன் என்று திட்டினார்கள். கேட்க நன்றாகவே இருந்தது.

ஆனாலும் அவர் சோதிக்காமல் விடவில்லை. அவருக்குத் தெரிந்த கணக்கு ஒன்றுதான். "ஒரு வரிசைக்கு இருவத்தி நாலு பொட்டி, ஏழு வரிசை. எவ்ளோ?"

நூற்றி அறுபத்தெட்டு. தினமும் அடுக்குகிறவனுக்கு அது பாட்டு மாதிரி. அவர் சொல்லி முடிப்பதற்குள் சொன்னேன். அக்காவைப் பார்த்துத் தலையாட்டினார். அக்கா உடனே எழவில்லை. அவளுடைய மகள் பி.காம். கடைசி வருடமாம், இந்த எம்.எஸ்சி.யில் சேர முடியுமா என்று கேட்டாள். முடியாது, ஆனால் பிளஸ் டூவில் கணக்கு எடுத்திருந்தால் எம்.சி.ஏ.வுக்கு வழி உண்டு, தனி நுழைவுத் தேர்வு, ஜெராக்ஸ் மூன்று செட் என்று ஒப்பித்தேன். ஒரு வவுச்சரின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டாள். நண்பன் அறையில் சத்தமாகப் படித்தது வீண் போகவில்லை.

பீரோவைத் திறந்து மார்க் ஷீட்டை எடுத்தவள் அதிலேயே நின்றுவிட்டாள். அதில் போட்டோ இருந்தது. எண்ணெய் வைத்து வழித்துச் சீவிய, நல்ல சிவப்பான, பதினேழு வயது முகம். ஒன்பது மாதமாக யாரும் பார்க்காத முகம். அவள் அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடி அதைப் பார்த்தாள்.

"படிக்கசொல்ல செவப்பா இருந்துகிற," என்றாள்.

"பொட்டி அடுக்கி கறுத்துட்டேன்கா."

"மூக்கு கூட மாறிப்போச்சு."

நைனா கை கழுவப் போயிருந்தார். தண்ணீர் ஓடும் சத்தம் நிற்பதற்குள் அவள் மார்க் ஷீட்டை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு என் கையில் திணித்தாள்.

"அந்தப் புள்ளைகிட்ட சொல்லு, லேமினேசன் போடக் கூடாது. பின்னாடி சீல் வெப்பாங்க. போ, அவர் வந்துடுவாரு."

பொன்னேரி ஸ்டேஷனில் நண்பன் காத்திருந்தான். கவரை வாங்கியதும் முதலில் கணக்கு மார்க்கைப் பார்த்தான், அது இன்னும் அங்கேதான் இருக்கிறதா என்று.

மறுநாள் முதல் பஸ்ஸில் போனோம். கல்லூரி திருவள்ளூருக்கு வெளியே. கேட்டில் மாணவர்களை மட்டும் உள்ளே விட்டார்கள். சர்டிபிகேட் ஃபைலை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு அவன் போனான். நான் வெளியே நின்றேன். உள்ளே யாராவது அந்த மார்க் ஷீட்டின் பெயரைக் கம்ப்யூட்டரில் தட்டி, இந்த ஆள் நேற்று வரை கம்பெனியில் பெட்டி அடுக்கினானே என்று கேட்டுவிடுவார்களோ என்று ஒரு பயம். கம்ப்யூட்டருக்கு என்னென்ன தெரியும் என்று எனக்குத் தெரியாது.

அப்போது வாட்டர் கேன் ஏற்றிய குட்டி யானை வண்டி ஒன்று கேட்டில் வந்து நின்றது. டிரைவர் ஒற்றை ஆள், கூட வருகிறவன் அன்று லீவாம். இடுப்பைப் பிடித்துக்கொண்டு என்னையும் என் ஷூவையும் பார்த்தார்.

"வேலைக்கு வர்றியா? எவ்ளோ படிச்சிக்கிற?"

ஒன்பது மாதத்துக்குப் பிறகு உண்மையைச் சொன்னேன். ஒன்பதாவது, பாதி.

"அவ்ளோலாம் வோணாம். மூணு மாடி ஏறுவியா?"

இரண்டு தோளிலும் ஒவ்வொரு கேனோடு ஏறினேன். செக்யூரிட்டி கதவைத் திறந்துவிட்டார். மூன்றாவது மாடி ஹாலில் நண்பன் மேஜை முன்னால் நின்றிருந்தான். ஒரு அம்மா மார்க் ஷீட்டின் மேல் விரலை ஓட்டிக் கணக்கைக் கண்டுபிடித்து, திருப்பி வைத்துச் சீல் குத்தினார். அவன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான், கேனையும் பார்த்தான். சிரிக்கலாமா என்று அவனுக்குத் தெரியவில்லை. நான் ஒரு கேனின் மூடியைக் கிழித்து டிஸ்பென்சரில் கவிழ்த்து, இன்னொன்றைப் பக்கத்தில் வைத்துவிட்டு, அடுத்ததை எடுக்க இறங்கினேன். வண்டியில் இன்னும் இருபத்தெட்டு கேன் இருந்தது.