நீக்கிலாஸ் அண்ணையின்ர சீல்

நீக்கிலாஸ் அண்ணை செத்து, போன கிழமையோட ஒரு வருசம். சேர்ச்சில பூசை வைச்சிச்சினம். முடிய எல்லாரும் எழும்பி அவரைப் பற்றி ரெண்டு வார்த்தை சொல்லிச்சினம். "இராஜேஸ்வரி, நீரும் அவரோட வேலை செய்தனீர்தானே, சொல்லும்" எண்டு கேட்டினம். நான் மெழுகுதிரி கொளுத்துற சாட்டில எழும்பிப் போட்டன். அங்க சொல்லாததை இங்க சொல்லுறன்.

அவர் யாழ்ப்பாணத்துப் பாசையூர் ஆள். ஊரில வள்ளங்களின்ர எஞ்சின் திருத்தினவர். எண்பத்தொன்பதில ரொறன்ரோவுக்கு வந்து, ஸ்காபரோவில நான் வேலை செய்த பிளாஸ்ரிக் பக்ரறியில சேந்தவர். தேத்தண்ணிக்கு மூண்டு கரண்டி சீனி போடுவார். இங்கிலீஸ் பிழையெண்டாலும் பயப்பிடாமல் வெள்ளைக்காரனோட கதைப்பார். மெசினால வாற சாமானைப் பாத்து, சரியெண்டால் பெட்டியில தன்ர நம்பர் சீலைக் குத்துறதுதான் அவற்ற வேலை. நான் பெட்டி கட்டுறனான்.

தொண்ணூற்றைஞ்சு தை மாதம் புது ஓடர் ஒண்டு வந்தது. கறுப்பா, வளைஞ்சு, உள்ளங்கை அளவில ஒரு சாமான். துளை போடுற மெசினின்ர கைபிடியாக்கும் எண்டு நாங்கள் பொம்பிளையள் நினைச்சம். அண்ணை கையில எடுத்த உடனையே சொன்னார், "உது துவக்கின்ர சாமான்."

பம்ப் துவக்காம். குழலுக்குக் கீழ இருக்கிற பிடியைப் பின்னுக்கு இழுத்து முன்னுக்குத் தள்ளினால் அடுத்த தோட்டா ஏறும். இங்க வாத்துச் சுடப் போறவங்கள் வைச்சிருக்கிறது. அதில விசையைச் சுத்தி வளைஞ்சு நிக்கிற காப்பும், விசையின்ர உள்சாமானைத் தாங்குற கூடும் ஒரே துண்டு. முந்தி அதை அலுமினியத்தில வார்த்தவங்கள். இப்ப பிளாஸ்ரிக்குக்கு மாறுறாங்கள்.

"விசர்க்கூத்து! வாளி செய்யிற சாமானில துவக்குச் செய்யிறாங்கள்" எண்டு அண்ணை கத்தினார். கத்தினதுக்குக் காரணம் இருந்தது. ஊரில அவற்ற தம்பியை ஒருத்தரும் சுடேல்லை. றோட்டில சென்றிக் காவலுக்கு நிண்ட ஒருத்தன்ர கையால துவக்கு வழுக்கி விழுந்து வெடிச்சது. சைக்கிளில போன பெடியன் அவ்விடத்திலயே சரிஞ்சான். இதை அவர் ஒருக்காத்தான் எனக்குச் சொன்னவர், அதுவும் முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டு.

அண்டைக்கே மாதிரிக்கு வைச்சிருந்த அலுமினியத் துண்டையும் ஒரு பிளாஸ்ரிக் துண்டையும் பின்கதவால கொண்டுபோய் ஸ்நோவுக்குள்ள ஒரு மணித்தியாலம் புதைச்சு வைச்சார். பிறகு சுத்தியலால ரெண்டுக்கும் ஒரே மாதிரி அடிச்சார். அலுமினியம் நெளிஞ்சது, நெளிஞ்சபடியே நிண்டுது. பிளாஸ்ரிக் அமுங்கிப்போட்டுப் பழையபடி நிமிர்ந்திட்டுது.

"காப்பு நெளிஞ்சால் விசை சிக்கும் பிள்ளை. உது திரும்பி வருது. நான் சொன்னது பிழை" எண்டார். தன்ர பிழையை ஒத்துக்கொண்ட ஆம்பிளையை நான் என்ர சீவியத்தில அண்டைக்குத்தான் கண்டன். அதுக்குப் பிறகு ஒவ்வொரு நாளும் ரெண்டு துண்டை ஸ்நோவில வைச்சு அடிச்சுப் பாத்துத்தான் சீல் குத்துவார். அப்பிடிச் செய் எண்டு ஆரும் அவருக்குச் சொல்லேல்லை.

இனி என்ர கதைக்கு வாறன். அந்தச் சாமானுக்கு உருக்குற பிளாஸ்ரிக் சின்னச்சின்ன மணியாத்தான் வரும், அந்த மணியில ஈரம் பிடிக்கப்படாது. பிடிச்சால் வாற சாமான் முறியும். அதால மெசினில கொட்ட முதல் ஒரு பெரிய இரும்பு அலுமாரிக்குள்ள தட்டுத்தட்டாப் பரப்பிச் சூடாக்குவினம். எங்களுக்கும் இது தெரியும். ஆனால் சாப்பாட்டு அறை மைக்றோவேவில எங்கட கறி மணக்குது எண்டு ஆரோ முறைப்பாடு குடுத்து, "மணக்கிற சாப்பாடு வைக்கக்கூடாது" எண்டு பேப்பர் ஒட்டீட்டினம். கண்டறியாத மூக்கு! மாசிக் குளிருக்கை விறைச்ச சோத்தை எத்தினை நாளைக்குத் தின்னிறது? நாங்கள் தமிழாக்கள் அலுமாரியின்ர அடித்தட்டில சாப்பாட்டுப் பெட்டியைக் களவா வைக்கப் பழகீட்டம். மூடி இறுக்கமெண்டால் ஒண்டும் ஆகாது.

மாசியில ஒரு புதன்கிழமை நான் எல்லாருக்குமெண்டு பனங்கிழங்கு மாவும் மீனும் போட்டு ஒடியல் கூழ் காய்ச்சிக்கொண்டு போனன். பெரிய சட்டி. மூடி சரியாப் பொருந்தேல்லை. "கொஞ்ச நேரந்தானே" எண்டு வைச்சிட்டு வந்திட்டன். ரெண்டு மணித்தியாலம் கொதிச்சு ஆவி விட்டுக்கொண்டு கிடந்திருக்கு. மத்தியானம் நீக்கிலாஸ் அண்ணையும் ரெண்டு கப் வாங்கிக் குடிச்சார். எங்க சூடாக்கினது எண்டு கேக்கேல்லை.

ரெண்டு மணி போல, ஸ்நோவில வைச்ச ரெண்டு துண்டும் விசுக்கோத்து மாதிரி முறிஞ்சுது. இன்னும் அஞ்சு வைச்சு அடிச்சார், நாலு முறிஞ்சுது. நேர அலுமாரியிட்டப் போய்த் திறந்தார். உள்ளுக்கு மீன் மணம். திரும்பி என்னைப் பாத்தார்.

"அண்ணை, என்ர மனுசன் நாரியெலும்பு முறிஞ்சு வீட்டில கிடக்குது. ரெண்டு பிள்ளையள். என்ர வேலை போனால் நாங்கள் தெருவில" எண்டு அவற்ற கையைப் பிடிச்சு அழுதன். "நீ அழாத. உன்ர பேர் வராது. ஆனால் இந்தச் சாமான் வெளிய போகாது" எண்டார்.

சூப்பவைசரிட்ட, மணி ஈரம், அலுமாரியைப் பாக்காதது தன்ர பிழை எண்டு மட்டும் சொன்னார். அண்டைக்குக் கட்டினது முப்பத்தெட்டுப் பெட்டி. சூப்பவைசர் சிரிச்சான். "துவக்கைச் சுத்தியலால ஆர் அடிக்கப்போறாங்கள்? நாலு மணிக்கு லொறி வருது. சீலைக் குத்து" எண்டான்.

"கீழ விழும் சேர். துவக்கு விழும்" எண்டு அண்ணை தன்ர இங்கிலீசில திருப்பித் திருப்பிச் சொன்னார். அவன் சீலைக் குத்து, இல்லாட்டி வீட்டை போ எண்டான். அண்ணை சீலை மேசையில வைச்சார். கோட்டைப் போட்டார். எங்களைப் பாத்து ஒருக்காத் தலையை ஆட்டிப்போட்டு பஸ்சுக்கு நடந்தார்.

சூப்பவைசர் அந்தச் சீலை எடுத்து என்ர கையில தந்தான். "நீ குத்து" எண்டான்.

நான் குத்தினன். ஐயோ, முப்பத்தெட்டுப் பெட்டியிலயும் குத்தினன். ஒரு பெட்டியும் விடேல்லை. நாலு மணிக்கு லொறி வந்து ஏத்திக்கொண்டு போனது.

அந்தச் சாமான் பூட்டின துவக்குகள் எங்க போச்சுதோ, ஆரின்ர கையில இருக்குதோ, எனக்குத் தெரியாது. வாத்துச் சுடுற காலம் வந்தால் பேப்பரில சின்னச் செய்தியெல்லாம் தேடித் தேடிப் படிக்கிறன். நித்திரை வராது.

அடுத்த வருசம் சித்திரையில ஒரு தமிழ்க்கடையில அவரைக் கண்டன். இரவில ஒபிசுகள் கூட்டித் துடைக்கிற வேலையாம். மெலிஞ்சு போனார். அவற்ற மனுசி அன்ரனெற் பக்கத்தில நிண்டு கத்தரிக்காய் தெரிஞ்செடுத்துக்கொண்டிருந்தா. அண்ணை என்னைத் தனிய கூட்டிக்கொண்டுபோய்க் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"பிள்ளை, அந்தப் பெட்டியள் போகேல்லைத்தானே?"

"இல்லை அண்ணை" எண்டன். "நீங்கள் போன கையோட எல்லாத்தையும் அரைச்சுப் போட்டாங்கள்."

அவர் கண்ணை மூடிச் சிலுவை போட்டார். எத்தினை மாதமா அடக்கி வைச்ச மூச்சோ, அப்பிடியே விட்டார்.

"அப்ப வேலை போனது காரியமில்லை" எண்டார். என்ர தலையைத் தடவிப்போட்டு, மனுசியைக் கூப்பிட்டு, "இந்தப் பிள்ளைக்கு ஒருநாளைக்கு வீட்டில சாப்பாடு குடுக்கவேணும்" எண்டார்.