படையலுக்கு வைத்த பீர்க்கு

என் மாமனாருக்கு நானே என் கையால் விஷத்தைப் பரிமாறினேன். அவர் அதை இன்னும் வை என்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

கல்யாணமாகி வெண்ணந்தூர்ப் பக்கம் வந்த முதல் வருஷம். மேட்டூரில் அணை கட்டிக்கொண்டிருந்த காலம். கிணற்று வாய்க்காலோரம் நாலு பாத்திக் காய்கறித் தோட்டத்தை என் பொறுப்பில் விட்டிருந்தார்கள். அவரை, கத்தரி, அரசாணிப் பூசணி எல்லாம் அத்தை, அதான் என் மாமியார், கொடுத்த விதை. பீர்க்கு மட்டும் என் பிறந்த வீட்டு விதை. முந்தானையில் முடிந்து கொண்டுவந்தேன். "இந்த மண்ணுக்கு அது ஆவாது" என்றார் அத்தை. எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. கார்த்திகைப் பனியில் நடுங்கிக்கொண்டே இலை இலையாக அடுப்புச் சாம்பல் தூவினேன். மார்கழியில் பந்தல் கொள்ளாமல் காய்த்தது. ஆனால் ஒரு பிஞ்சைக்கூட யாரும் பறிக்கவில்லை. முதல் காய் சாமிக்கு. பொங்கல் படையல் முடிந்த பிறகுதான் மனிதருக்கு.

பொங்கலன்று அந்தப் பீர்க்கில் பருப்புப் போட்டுக் கூட்டு வைத்தேன். படையலுக்கு ஆக்குவதை ருசி பார்க்கக் கூடாது என்பதால் உப்பைக்கூடக் கண் மதிப்பில்தான் போட்டேன். சூரியனுக்குப் படைத்ததும் மாமனாரும் என் வீட்டுக்காரரும் இலையில் உட்கார்ந்தார்கள். மாமனார் கூட்டை ஒரு வாய் வைத்தார். மெதுவாக மென்றார். நான் கரண்டியோடு பக்கத்து இலைக்கு நகர்ந்தபோது கையை நீட்டித் தடுத்தார்.

"அவனுக்கு வேண்டாம், அம்மிணி. கூட்டுப் பூராவும் எனக்கே வெச்சுரு."

எனக்குத் தலைகால் புரியவில்லை. சட்டியை வழித்து வைத்தேன். அவரும் வழித்துத் தின்றார். நான் அத்தையைத் திரும்பி ஒரு பார்வை பார்த்தேன், அதையும் மறைப்பானேன்.

சற்று நேரத்தில் மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் சத்தம் கேட்டு ஓடினோம். மாமனார் சுவரைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார். மூன்றாவது தடவை ரத்தம் வந்தது. என் வீட்டுக்காரர் வைத்தியரை அழைத்துவர வண்டி பூட்டிக்கொண்டு போனார். கண் பட்டுவிட்டது என்று அத்தை உப்பும் மிளகாயும் சுற்றினார். எனக்கு மட்டும் ஏதோ உறுத்தியது. அடுப்படிக்குப் போய்க் கூட்டுக் கரண்டியை நக்கிப் பார்த்தேன். ஐயோ, நாக்கு மரத்துப் போகிற கசப்பு! பிறந்த வீட்டு வேலியில், தின்றால் விஷமாகிற பேய்ப்பீர்க்கு மண்டிக் கிடக்கும். அதோடு கலந்துபோன விதையைத்தான் பெருமையாக முடிந்து வந்திருக்கிறேன்.

"அத்தை, கூட்டு கசப்புங்க! பேய்ப்பீர்க்குங்க!"

"போ அந்தப் பக்கம். கசந்திருந்தா அந்த மனுசன் கேட்டு வாங்கித் திம்பாரா?"

சட்டியில் காட்டக்கூட ஒரு துளி இல்லை. மாமனார் என்னைப் பார்த்து, சொல்லாதே என்று கையை ஆட்டினார். அவர்மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. தோட்டத்துக்கு ஓடி ஒரு காயைப் பிடுங்கி வந்து ஒடித்து, மாமியார் என்றும் பாராமல் அத்தையின் வாயில் திணித்தேன். அத்தை துப்பினார். துப்பிக்கொண்டே இருந்தார். பிறகு வைத்தியர் வந்ததும் அத்தையே நடந்ததைச் சொன்னார். காரணம் தெரியாமல் பேதிக்குக் கொடுத்திருந்தால் ஆளே மிஞ்சியிருக்க மாட்டார் என்று சொல்லிவிட்டு, வைத்தியர் பாலும் நெய்யும் புகட்டச் சொன்னார்.

நாலு நாள் பிழைப்பாரா என்றே தெரியாமல் கிடந்தார். ஐந்தாம் நாள்தான் கஞ்சி இறங்கியது. அதற்குமேல் என்னால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"ஏனுங்க மாமா இப்படிப் பண்ணுனீங்க?"

"மொதப் பொங்கலு. பொறந்த ஊட்டு வெதைன்னு ஆசையா ஆக்குன. உன்ற மூஞ்சி வாடிப்போயிருமேன்னுதான், சாமி."

ஒரு முகவாட்டத்துக்கு ஒரு உயிரா? கஞ்சிக் கிண்ணத்தோடு வந்த அத்தை கதவோரம் நின்று இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

"அப்போ முப்பது வருசமா நான் ஆக்கிப் போட்டதையும் இப்படித்தான் தின்னீங்களா?"

மாமனார் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.