போலந்துக்காரர் பேரில் விழுந்த கட்டங்கள்

அருப்புக்கோட்டையில் கடைகளுக்கும் குடோன்களுக்கும் சாஃப்ட்வேர் எழுதிக் கொடுப்பது என் தொழில். இருபது வருஷ அனுபவம் என்று பீற்றிக்கொள்வேன். அந்தப் பீற்றலில் மண் விழுந்த ஒரு நாளைப் பற்றிச் சொல்கிறேன்.

நிலாவாரை இலை ஏற்றுமதி செய்யும் அண்ணாச்சி காலையில் போன் செய்தார். அவருடைய குடோன் பந்தல்குடி ரோட்டில் இருக்கிறது.

"ஏப்பா, நம்ம சரக்கு வாங்குற போலந்துக்காரர் பேருல மூணு எழுத்து கட்டம் கட்டமா விழுந்திருக்கு. தூத்துக்குடி ஏஜென்ட் பேக்கிங் லிஸ்ட்டத் திருப்பி விட்டுட்டாரு. நாலு மணிக்குள்ள சரியான பேப்பர் போகலன்னா கண்டெய்னரு கப்பல் ஏறாது."

ஃபைலைத் திறந்துகூடப் பார்க்காமல், "டைப்பிங் மிஸ்டேக்கா இருக்கும் அண்ணாச்சி" என்றேன்.

நேரில் போனபோது, டாக்குமென்ட் வேலை பார்க்கும் மலர்விழியை லோடுமேன்கள் முன்னாலேயே அண்ணாச்சி திட்டிக்கொண்டிருந்தார். "நாளையிலருந்து எக்ஸ்போர்ட் பக்கம் வராத. எடை போடுற எடத்துல போயி உக்காரு."

மலர்விழி என்னைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினார். "நான் சரியாத்தான் அடிச்சிருக்கேன். நீங்களே பாருங்கண்ணே."

குறுக்குக்கோடு போட்ட எல், தலையில் புள்ளி வைத்த இசட், எல்லாம் திரையில் அச்சுப் பிசகாமல் இருந்தன. பிடிஎஃப்பில் மட்டும் கட்டம். இது எப்படி? பதற்றத்தை மீறி எனக்கு ஆர்வம் வந்துவிட்டது. அதே ஆளுக்குப் போன மாதம் அனுப்பிய பிடிஎஃப்பைத் திறந்தேன். அதில் பேர் முழுசாக இருந்தது. அப்படியானால் நடுவில் எதையோ மாற்றியிருக்கிறோம்.

மாற்றியது நான்தான். போன வாரம், எந்தப் பேப்பரும் பிள்ளையார் சுழி இல்லாமல் வெளியே போகக்கூடாது என்று அண்ணாச்சி கேட்டிருந்தார். அந்த ஒரு எழுத்துக்காக டாக்குமென்ட் முழுவதையும் தமிழ் ஃபான்ட்டுக்கு மாற்றியிருந்தேன். சுத்தச் சோம்பேறித்தனம். அந்த ஃபான்ட்டில் தமிழும் சாதாரண ஆங்கிலமும் உண்டு, போலிஷ் எழுத்துகள் கிடையாது. இல்லாத எழுத்தைத் திரை வேறொரு ஃபான்ட்டிலிருந்து தானே எடுத்துக் காட்டிவிடும். நாங்கள் வைத்திருந்த பிடிஎஃப் புரோகிராம் அப்படித் தேடாது, கட்டம் போட்டுவிட்டுப் போய்விடும்.

சுழிக்கு மட்டும் தமிழ் ஃபான்ட், மற்றதற்கெல்லாம் பழைய ஃபான்ட் என்று பிரித்தேன். ஏதாவது எழுத்துக்கு உருவம் கிடைக்காவிட்டால் பிடிஎஃப் உருவாகாமல் நின்று, எந்த எழுத்து என்று சொல்லும்படியும் செய்தேன். இரண்டரை மணிக்கு ஏஜென்ட், "ஓகே, ஏத்திரலாம்" என்றார்.

அண்ணாச்சியிடம் போய், "தப்பு என்னுது அண்ணாச்சி. மலர்விழி மேல ஒண்ணும் இல்ல" என்றேன். அவர் என்னை முறைத்தார். பிறகு, "நீ ஒன் சீட்டுலயே இரும்மா" என்று மலர்விழியிடம் சொல்லிவிட்டுப் போனார்.

நானும் மன்னிப்புக் கேட்டேன். மலர்விழி தலையை நிமிர்த்தவில்லை.

"அண்ணாச்சிட்ட சொல்லிட்டீக, சரி. காலைல என்னையத் திட்டுனத லோடுமேன் அத்தன பேரும் கேட்டாகளே. அவுககிட்ட யாருண்ணே சொல்லுவா?"

வெட்கமாக இருந்தது. குடோனுக்குள் போய், மூட்டை தூக்கிக்கொண்டிருந்த ஒவ்வொருவரையும் நிறுத்திச் சொன்னேன்.