கழற்றிப் பூட்டும் பனியன்

மண்ணரை என்ற ஊரில் ஒரு பனியன் கம்பெனி. அங்கே கட்டிங் மாஸ்டர் சென்னிமலையின் பாதி ஆயுள் வெட்டுமேசை முன்னால் நின்றே போயிற்று. கெண்டைக்காலில் நரம்பு முடிச்சு முடிச்சாகப் புடைத்துவிட்டது. சாயங்காலம் வீட்டுப் படியேறக் காலைக் கையால் தூக்கித்தான் வைக்க வேண்டும்.

பனியன் முதலில் கிழிவது அக்குளில். உடம்புத்துணி நன்றாக இருக்கும்போதே மொத்தத்தையும் வீசிவிடுகிறார்களே என்று அவருக்கு வெகுநாளாக உறுத்தல். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தேழில் ஒரு நாள் டீக்கு நிற்கும்போது, எதிரே மளிகைக்கடைக்காரர் பலகைக் கதவை ஒவ்வொரு பலகையாக உருவி வைத்துக்கொண்டிருந்தார். நடுவில் ஒரு பலகை மட்டும் புதுசு. உளுத்ததை மாற்றியிருந்தார்கள், கடையை இடிக்கவில்லை.

பனியனையும் அப்படிக் கட்டினால் என்ன? உடம்பு தனி, கை தனி. மூட்டை தூக்குகிறவருக்குத் தோளில் தடித்த துண்டு. எல்லாம் பொத்தானில் பூட்டுவது. மார்கழியில் முழுக்கை, சித்திரையில் கழற்றி வைத்துவிடலாம்.

முதலாளி அர்த்தநாரி கேட்டது ஒன்றுதான். "கையெல்லாம் கட்டிங் வேஸ்ட்லயே வெட்டிக்கலாமில்ல?"

சென்னிமலை ஒரு கணம் தயங்கினார். "வெட்டலாமுங்க."

"அப்பச் செய்யப்பா. தேறுச்சுன்னா நீ மேசைகிட்ட நிக்க வேண்டாம். உக்காந்து காயிதத்துல மாதிரி வரைஞ்சாப் போதும்."

உட்கார்ந்து. அந்த ஒரு சொல்லே அவரை இழுத்துக்கொண்டு போனது.

"பனியனுக்குக் கதவு வெக்கறீங்களாமா மாஸ்டரே, தாப்பாளும் உண்டுங்களா?" என்றான் டெய்லர் மணியன்.

"உன்ற வாய்க்கு ஒண்ணு வெக்கறேன் இரு."

பஞ்சுக் கிடங்கில் மூட்டை தூக்குகிறவர்களுக்குச் அப்படித் தைத்த சில பனியன்களைப் போட்டுப் பார்க்கக் கொடுத்தார்கள். ஒரு வாரத்தில் லிங்கசாமி என்பவர் பனியனோடு வந்து நின்றார்.

"ஏனுங்க மாஸ்டர், தொவைச்சதும் இந்தக் கை என்றதா, என்ற பையனுதான்னே தெரியலீங்க."

கை சுருங்கிக் கிடந்தது. பொத்தானும் காஜாத் துளையும் எட்டவில்லை. வெட்டில் மிஞ்சும் கழிவுத்துணி பல ரோல்களிலிருந்து வந்தது. சலவைப்பட்டறையில் ஒவ்வொரு ரோலும் ஒவ்வொரு விதமாக இழுபட்டு வரும், தண்ணீரில் தன் இஷ்டத்துக்குச் சுருங்கும். இது சென்னிமலைக்குத் தெரியாததல்ல. தெரிந்தேதான் 'வெட்டலாமுங்க' என்றார்.

"ஒரே ரோல்ல உடம்பும் கையும் வெட்டினா நிக்குமுங்க," என்றார் முதலாளியிடம்.

"வேஸ்ட்டுல ஆவும்னுதானப்பா ஒத்துக்கிட்டேன். நல்ல துணியிலதான் கை வெட்டோணும்னா, பழைய பனியனே இருக்குதே." அர்த்தநாரி கோபப்படவில்லை. "கல்கத்தா ஆர்டர் கெடக்குது, போ."

கோபப்பட்டிருந்தாலாவது பதில் பேசியிருக்கலாம்.

மேசையில் துணியை விரித்துக்கொண்டிருந்தபோது மணியன் பக்கத்தில் வந்தான். "நெசமாலுமே எனக்கு அந்த யோசனை புடிச்சுதுங்க, மாஸ்டர்."

"இப்பச் சொல்றயாக்கும்."

"அப்பச் சொன்னா என்னையும் சேத்துச் சிரிப்பாங்கள்ல."

"போய்த் தையி கண்ணு."

சென்னிமலை மடிப்புகளை நீவிவிட்டுக் கத்தரியை எடுத்தார். இடது கால் வலித்தபோது வலது காலில் நின்றார். பிறகு அதுவும் வலித்தது.